கிருபாவின் இடம்

கர்த்தர் செய்ததைச் சொல்ல எழுந்தால் நான் லேசில் உட்காரமாட்டேன் என்பது சபைக்குத் தெரியும். அதனால்தான், “வாத்தியாரே, எழுதியே கொடுத்துடுங்க” என்றார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மழையில், எங்கள் ஒரே மகள் கிருபா காமாலையில் போய்விட்டாள். வயது பதினாறு. அவள் பிழைக்க நாங்கள் பண்ணிய ஜெபத்துக்கு அதுதான் பதில். இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை. நான் சொல்ல வந்தது, அதற்குப் பிறகு பண்ணிய ஜெபத்தைப் பற்றி.

பிள்ளையார்பாளையத்து எங்கள் வீட்டில் தறி என் மனைவி எஸ்தருடையது. கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஒருவர் போதாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரைக்கு, குறுக்கு நூல் வைத்த நாடாவை விட வேண்டும். அது கிருபாவின் இடம். அடக்கம் முடிந்து வந்த எஸ்தர் தறியில் போய் உட்கார்ந்தாள். நெய்யவில்லை. அழவும் இல்லை. வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவன். செத்துப்போன ராஜாக்களைப் பற்றிப் பேசியே சம்பளம் வாங்குகிறவன். இதையும் பேசியே கடந்துவிடலாம் என்று நினைத்தேன். வசனம் சொன்னேன். பரலோகத்தை வர்ணித்தேன். ஒருநாள் வேடிக்கைக் கதைகூடச் சொன்னேன்.

“ஏங்க, உங்க வாய்க்கு ஓய்வுநாளே கிடையாதா?” என்றாள். அதோடு அவள் பேச்சும் நின்றது. நாளுக்கு நாள் இளைத்தாள்.

விடியற்காலையில் வேதத்தை வரிசையாக வாசித்துத் தியானிப்பது என் வழக்கம். அந்த நாட்களில் ரயில் அட்டவணை படிப்பதுபோலத்தான் படித்தேன். ஜெபம் மட்டும் ஒன்றே: “ஆண்டவரே, அவளிடம் என்ன சொல்லட்டும்? ஒரு வார்த்தை தாரும். இவளையும் எடுத்துக்கொள்ளாதேயும்.”

மார்கழியில் ஒரு காலை, வாசிப்பு வரிசையில் வந்தது இது: பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருந்த பக்தனைப் பார்க்கச் சிநேகிதர்கள் வந்த பகுதி. அவன் துக்கத்தின் பாரத்தைப் பார்த்து, ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. பிறகு வாயைத் திறந்துதான் காரியத்தைக் கெடுத்தார்கள். நான் இத்தனை வருஷமும் ரசித்துப் படித்தது அந்தப் பேச்சைத்தான்.

லீவு சொல்லிவிட்டு, எஸ்தருக்குப் பக்கத்தில், கிருபாவின் இடத்தில் போய் உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதுவே அற்புதம்தான். மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாள், தறிக்கட்டையில் கிருபா செருகி வைத்திருந்த ஹேர்பின் கண்ணில் பட்டது. அடக்க முடியவில்லை. அதுவரை நான் அழவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். “இங்க குந்திக்கினு அழுதா பட்டு கறையாயிடும். தள்ளி அழுங்க” என்றாள். சொன்னவள் என் தோளில் சாய்ந்து, பட்டைப் பற்றிய கவலையே இல்லாமல் அழுதாள். அன்று சாயங்காலம் சோறு சாப்பிட்டாள். பிறகு, “நாடாவ எடுங்க, பார்க்கலாம்” என்றாள்.

அந்தப் புடவையில் கிருபா விட்ட கரை எங்கே முடிகிறது, என் கரை எங்கே தொடங்குகிறது என்பது கண்ணை மூடித் தடவினாலே தெரியும். பிரித்து நெய்யலாம் என்றேன். எஸ்தர் விடவில்லை.

துக்கம் போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் இன்றும் அங்கேதான் உட்காருகிறேன். வழி தெரியாமல் வேதத்தைத் திறக்கிறவர்களே, நாளைக்கும் திறங்கள். கேட்ட வார்த்தை எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. போய் உட்கார வேண்டிய இடத்தைக் காட்டினார். அவருக்கு ஸ்தோத்திரம்.