கல்யாணக் காருக்கு ரிவர்ஸ் கிடையாதாம்!

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு மலைநாட்டு ரோட்டில் நாலு எதிரிகள்: மழை, மண்சரிவு, பஸ்காரன், முன்சீட்டில் உட்கார்ந்து வருகிற சொந்தக்காரன். முதல் மூன்று பேரையும் நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். நாலாவது ஆளை மன்னிக்கவே மாட்டேன். பேர் சொல்லப் போவதில்லை. இதை வாசிக்கும்போது அவருக்கே காது சுடும். ராசியான கார் என்று ஹட்டன் கார் ஸ்டாண்டில் என் வண்டிக்கு இருந்த நல்ல பேரைக் கெடுத்து, என் கல்யாண ஹயர் ஓட்டத்தையெல்லாம் நாசம் பண்ணியவர் அந்த ஆள்தான்.

நான் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்தவன். லொறிக்குக் கிளீனராகப் போய், அடி வாங்கி, ஏச்சு வாங்கி, கடைசியில் பேரம் பேசிப் பேசியே ஒரு பழைய கறுப்பு ஒஸ்டின் காரை வாங்கியவன். அந்த வண்டியில் ஏறிப் போன சோடிகள் நன்றாக இருந்தன. அதனால் பேர் வந்தது, பேரால் சோறு வந்தது. கல்யாணக் கார் ஓட்டியவர்களும், கல்யாணக் காரின் பின்சீட்டில் நசுங்கியவர்களும் வாசகர்களில் கட்டாயம் இருப்பீர்கள். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

பேச்சுவார்த்தை

அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோனால் பொலிஸ் பிடித்த எழுபதுகளின் நடுப்பகுதி அது. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் காலையில் கல்யாணம். பெண் பாக்கியம், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். மாப்பிள்ளை ராஜு, நோட்டன் பிரிட்ஜில் துணிக்கடையில் நிற்பவர். நிறையப் படம் பார்ப்பவர். அதனால் தாலி கட்டிய கையோடு புதுப்பெண்ணை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய், ஏரியைக் காட்டி, போட்டோ பிடித்து, அப்புறம்தான் நோட்டனில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நல்ல ஆசைதான். நானும் அதற்கேற்ற மாதிரிப் பேசி முடித்தேன்.

புறப்படுகிற நேரம் முன்கதவைத் திறந்து ஒருவர் ஏறினார். மாப்பிள்ளையின் தாய்மாமன். பெரிய கங்காணியாக இருந்தவர்; பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. காலடியில் ஒரு சாக்குப்பையை வைத்து, அதன்மேல் சால்வையைப் போட்டார். "நீங்க எங்கங்க?" என்றேன். துணைக்காம். புருசன் பெண்சாதிக்கு நடுவில் எதற்குத் துணை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சட்டம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டு வாசற்படியில் வலது காலை வைக்கும்வரை பெண் ரோட்டில் கால் ஊன்றக்கூடாது. வண்டி ஒரு முழம்கூடப் பின்னால் போகக்கூடாது. போனால் குடும்பமே பின்னால் போய்விடுமாம். "மலை ரோட்டுல ரிவர்ஸ் எடுக்காம எப்படிங்க ஓட்டுறது?" என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, கல்யாணக் காருக்கு ரிவர்ஸ் கெடையாது. கம்பெனிக்காரன் போட மறந்துட்டான்னு நெனச்சுக்க."

கொழுந்து லொறி

தோட்டத்து எல்லையைத் தாண்டவில்லை, எதிரே தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். எனக்குப் பின்னால் பத்தடியில் ஒதுங்க இடம் இருந்தது. லொறிக்காரனுக்கு வளைவு தாண்டி, மேட்டில் இருந்தது. யார் பின்னால் எடுக்க வேண்டும் என்று பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

"கார்ல மாலை தொங்குதுல்ல? நீ எடுய்யா!" என்று மாமா கத்தினார். லொறிக்காரனும் இறங்கி வந்து கத்தினான். "மாலையக் கழட்டிட்டு நான் எடுத்துர்றேங்க, அப்பறம் மாட்டிக்கலாம்," என்றேன். "மாலையக் கழட்டுனா கல்யாணத்தையே கழட்டுன மாதிரி," என்றார் மாமா. பத்தடி ஐயா, வெறும் பத்தடி! எனக்கு உச்சந்தலையில் சூடேறியது. மாப்பிள்ளை சீட்டின் மூலையில் ஒடுங்கிக்கொண்டார். பெண்தான் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க," என்று லொறிக்காரனிடம் சொன்னாள். அத்தனை சாக்குக் கொழுந்தோடும் அவன் மேட்டிலே, வளைவிலே, பின்னால் பின்னால் போனான். நாங்கள் கடக்கும்போது தலையை வெளியே நீட்டினான்.

"தங்கச்சி, ஒங்க வீட்ல சீரு என்ன குடுத்தாங்களோ தெரியாது, நான் ரோட்டையே குடுத்துட்டேன்!"

ஏரி, ஏரி, மறுபடியும் ஏரி

நுவரெலியாவில் பால் போல மூடுபனி. போட்டோக்காரர் முக்காலியில் கமெராவை நிறுத்தி ஏரிக்கரையில் காத்திருந்தார். பெண் இறங்கக்கூடாது என்பதால் கார்ச் சன்னலோடு சேர்த்துப் போட்டோ பிடிப்பதாக ஏற்பாடு. பனியில் நான் ஒரு கார் நீளம் தள்ளி நிறுத்திவிட்டேன். பின்னால் எடுக்கலாமா? கூடாதே! ஏரியை முழுதாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் சவாரிக் குதிரை ஒன்று நின்றது, நகரமாட்டேன் என்றது. மறுபடி ஒரு சுற்று. இப்போது யாரோ மரக்கறி வண்டியை நிறுத்தியிருந்தான். மறுபடி ஒரு சுற்று.

பாக்கியம் காலையிலிருந்து சாப்பிடவில்லை. வாங்கிக் கொடுத்த தேத்தண்ணியையும் ஓடுகிற காரில் பாதி சேலையில் கொட்டிக்கொண்டாள். "இந்த ஏரியில இன்னும் நான் பாக்காத தண்ணி எதுவும் பாக்கி இருக்காங்க?" என்று புருசனைக் கேட்டாள். கடைசியில் போட்டோக்காரரே முக்காலியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் ஓடிவந்து பிடித்தார். சரியாக அந்த நொடியில் மாமா, "நேராப் பாருங்க ரெண்டு பேரும்!" என்று முன்சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். போட்டோக்காரர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாப்பிள்ளை சேர், படத்துல முன்னால இருக்கிறவருதான் கிளியரா விழுந்திருப்பாரு. பரவாயில்லையா?"

மூங்கில் தடை

ஹட்டனை நெருங்கும்போது ரோட்டின் குறுக்கே மூங்கில். அரிசி பிடிக்கிற பொலிஸ் தடை. ஈர ரோட்டில் கார் சறுக்கி, மூங்கிலை முட்டிக்கொண்டு நின்றது. "பஸ்ஸட்ட கன்ன," பின்னால் எடு, என்று சிங்களத்தில் சொன்னார் கான்ஸ்டபிள். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் எடுக்காத காரைப் பார்த்தால் எந்தப் பொலிசுக்குத்தான் சந்தேகம் வராது? இறங்கச் சொன்னார். கதவைத் திறந்தார். சால்வையைத் தூக்கினார். சாக்குப்பையில் அரிசி!

"காகெத மேக?" யாருடையது என்று கேட்டார். மாமா தேயிலை மலையின் அழகைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டு, "பொண்ணு வீட்டுச் சாமான் சேர்," என்றார்.

பாக்கியம் புருசனைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள். "அது பொண்ணோடது இல்லீங்க!" என்று நான் கத்தினேன். கான்ஸ்டபிள் முட்டாள் இல்லை. பெண் பின்சீட்டில், மூட்டை முன்சீட்டில். அரிசியை எடுத்துக்கொண்டு, மாலையைப் பார்த்து எங்களை விட்டுவிட்டார். போகச் சொல்லுமுன் மாப்பிள்ளையிடம் குனிந்து, அவருக்குத் தெரிந்த தமிழில் ஒன்று கேட்டார்.

"மாத்தயா, இன்னைக்குத்தானே தாலி கட்டினது? இன்னைக்கே பொஞ்சாதி நோனாவ பொலிசுக்குக் குடுக்கிறதா?"

ரிவர்ஸ்

நோட்டன் ரோட்டில் ஏறி, மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். "அண்ணே, நிப்பாட்டுங்க," என்றாள் பாக்கியம். நிறுத்தினேன். கதவைத் திறந்து, முகூர்த்தச் சேலையோடு ரோட்டில் இரண்டு காலையும் ஊன்றி, வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை பின்னால் ஓடினார்.

"நீ முன்னால ஓட்டு," என்றார் மாமா. "பசிச்சா தானா வருவா."

"பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. ஒங்களையா வீட்டுக்குக் கொண்டுபோயி ஆரத்தி எடுக்கச் சொல்றது?"

"வெறும் வண்டி போனாலும் போவட்டும். ரிவர்ஸ் மட்டும் எடுக்காத!"

வாசகர்களே, நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காலையிலிருந்து அடக்கிவைத்த கை. போட்டேன் ரிவர்ஸ். மாமா அலற அலற, மாலை ஆட ஆட, அந்தப் பிள்ளை பக்கத்திலேயே வண்டியைப் பின்னால் கொண்டுபோனேன். கொழுந்தை எடை போட்டுவிட்டுக் கூடையோடு வந்த பெண்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பாக்கியம், தப்புத்தான். ஏறிக்க," என்றார் மாப்பிள்ளை.

"அந்த மூட்டை யாருதுன்னு சொல்லுங்க."

"ஒனக்குத்தான் தெரியுமே!"

"பொலிசுகிட்ட சத்தமாத்தான சொன்னீங்க? இங்கயும் சத்தமாச் சொல்லுங்க. இல்லாட்டி நான் எங்க அப்பா வீட்டுக்கு நடந்தே போறேன்."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணை உருட்டினார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மலையே எதிரொலிக்கிற மாதிரிக் கத்தினார்: "அது மாமாவோட மூட்டை! நான் பயந்து பொய் சொன்னேன்!" பாக்கியம் நின்றாள். நானும் பிரேக்கை மிதித்தேன். கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி, தலைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"ஏறிக்கம்மா. நடுரோட்டுல உண்மையச் சொல்ற புருசன் எங்கள்ல எவளுக்கு வாச்சான்?"

ஸ்டாண்டில்

ஏறினாள். வீடு போய்ச் சேர்ந்தோம். கதை நல்லபடியாக முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? மறுவாரமே மாமா ஊர் ஊராகப் போய், "அந்தக் கறுப்புக் காரு ரிவர்ஸ் எடுத்துச்சு, பொண்ணு ரோட்டுல எறங்கிருச்சு," என்று பெரட்டுக் குரலில் பரப்பிவிட்டார். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதையே மாற்றிவிட்டார்! மூட்டையைப் பற்றி மூச்சு இல்லை. பேசி வைத்திருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வேறு கார் பார்த்தன. எனக்கு மிஞ்சியது ஆஸ்பத்திரி ஹயரும் செத்தவீட்டு ஹயரும். ராசி இல்லாத காரில் பிணத்துக்குப் பயம் இல்லை அல்லவா? அப்போதும் மாலை உண்டு, ஆனால் எவனும் ரிவர்ஸைப் பற்றிப் பேசுவதில்லை. ஸ்டாண்டில் எனக்கு அடுத்து நிற்கும் பண்டா அண்ணன் நல்ல மனுசன், என்னைத் தம்பி என்று சிங்களத்தில் கூப்பிடுகிறவர், அவருக்கே பொறுக்கவில்லை.

"மல்லி, அந்தக் கியரக் கழட்டி ஸ்டாண்டுல மாட்டி வச்சிருங்க. அப்பவாவது ஆளுங்க நம்புவாங்க."

காதுகுத்து

எண்பதுகள் வந்துவிட்டன. போன கிழமை ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. பாக்கியம், ராஜு, சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பிள்ளைகள், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பிரிந்துபோன சோடி என்று ஊரெல்லாம் பேசப்பட்ட அதே சோடிதான், மிட்டாய் தின்றுகொண்டு! அவர்கள் வீட்டுச் சுவரில் அந்த ஏரிக்கரைப் போட்டோ தொங்குகிறதாம். வருகிறவர்கள் எல்லாம் முன்னால் இருக்கிற ஆள்தான் மாப்பிள்ளையா என்று கேட்கிறார்களாம். என் கோபத்தையெல்லாம் அவர்களிடம் கொட்டினேன். பாக்கியம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு குழந்தையைப் புருசன் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, சின்னவளுக்குக் காது குத்துறோம். ஒங்க காருதான் வேணும். மாமாவ பஸ்ல வரச் சொல்லிட்டோம்."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆகையால், பேர் சொல்லாத பெரியவரே, என்மேல் பெட்டிசம் எழுத வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். ஹட்டன் ஸ்டாண்டுக்கு வந்து, எல்லா டிரைவர்மாரும் பார்க்க என் முன்சீட்டில் ஏறி, "மூட்டை என்னுது, ரிவர்ஸ் எடுத்ததாலதான் பொண்ணு வீடு வந்து சேந்துச்சு," என்று அந்தப் பெரட்டுக் குரலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லி முடித்ததும் உங்களை வீட்டு வாசல்வரை நானே கொண்டுபோய் விடுகிறேன், முழுக்க முழுக்க ரிவர்ஸில்.