இருபத்தேழாம் நம்பர் சட்டை

செயின்ட் லூயிஸின் தெற்குப் பக்கத்தில் கஸ் பிரிங்க்மனைத் தெரியாதவர்கள் குறைவு. பீர் ஆலையில் முப்பது வருடம் பாட்டில் வரிசையைக் கட்டி மேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். இளமையில் தன் பங்குத் தேவாலயத்தின் கால்பந்து அணிக்கு ஃபுல்பேக்காக ஆடியவர். பின்வரிசையின் ஓரத்தில் நின்று எதிராளியை மறிக்கும் வேலை. புதிதாக யாரைப் பார்த்தாலும் "எந்த ஹைஸ்கூல்?" என்று கேட்பது அந்த ஊர் வழக்கம். கஸ் கூடவே இன்னொன்றும் கேட்பார்: "எந்த இடத்துல ஆடின?"

ஓய்வுக்குப் பிறகு ஊரிலுள்ள ஒரு சின்ன தொழில்முறைக் கிளப் அவரை ஆள் பார்த்துச் சொல்லும் வேலைக்கு வைத்துக்கொண்டது. கல்லூரி ஆட்டங்களுக்குப் போய்ப் பையன்களை எடைபோட வேண்டும். பலம், பலவீனம், எந்த இடத்துக்குப் பொருத்தம் என்று மூன்று தலைப்பில் ஒரு தாள் எழுதித் தரவேண்டும். கிளப்பில் வீடியோ பார்த்தே ஆளை அளக்கிற இளசுகள் மீது அவருக்கு ஏக இளக்காரம். "கோட்டோரமா நிக்கணும். அவன் மூச்சு வாங்குறது நம்ம காதுல விழணும். திரையில மனசு தெரியுமா?" என்று வாய் கிழியப் பேசுவார். ஆள் எடுக்கும் பொறுப்பிலிருந்த மரிஸா குவேட் அதைச் சிரித்துக்கொண்டே கேட்பாள். அவளுக்கு முப்பத்துநாலு வயது. கஸ் எழுதிய தாளை அவள் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

போன நவம்பரில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஒரு சிறு கல்லூரிக்குப் போனார். பார்க்க வேண்டியவன் வலது ஃபுல்பேக், மூன்றாம் நம்பர், தாரிக் முய்கிச். போஸ்னியாவிலிருந்து வந்து குடியேறிய லாரி மெக்கானிக்கின் மகன். முதல் பாதி முழுக்கக் கஸ் தூறலில் நின்றுதான் பார்த்தார். பையனுக்குக் கணக்கான நேரத்தில் காலை நீட்டத் தெரிந்தது. ஆனால் ஓரத்திலிருந்து அவன் தூக்கிப்போட்ட பந்து ஒன்றுகூட உருப்படியாக விழவில்லை. இடைவேளைக்குச் சற்று முன்னால் எதிராளி ஒருவனின் முழங்கை பட்டு மூக்கு உடைந்து, சட்டையெல்லாம் ரத்தமாக வெளியே போனான்.

இடைவேளையில் மழை வலுத்தது. கஸ்ஸின் முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. அந்த மைதானத்தில் ஒரு பழக்கம் உண்டு. வேலியை ஒட்டிக் காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். கோல் விழுந்தால் ஹாரன் அடிப்பார்கள். "ஹாரன் கூட்டம், இவனுங்களுக்குப் பந்து எது பனங்கொட்டை எதுன்னு தெரியுமா?" என்று கஸ் நையாண்டி செய்யாத நாளில்லை. அன்றைக்கு அவரும் காருக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஹீட்டரைப் போட்டார். ரேடியோவில் ஐஸ் ஹாக்கி வர்ணனையையும் வைத்துக்கொண்டார்.

கண்ணாடியில் வைப்பர் ஓடுகிற இடைவெளியில் நம்பர்கள் மட்டும்தான் தெரிந்தன. மூன்றாம் நம்பரைக் காணவில்லை. இடது பக்கத்தில் இருபத்தேழு என்று ஒருவன் வந்திருந்தான். அணிப் பட்டியலில் அந்த நம்பரே இல்லை. கடைசி நேரத்தில் சேர்த்த பொடியன் போலும் என்று கஸ் நினைத்துக்கொண்டார். அந்தப் பொடியன் பிரமாதமாக ஆடினான். இடது ஓரத்திலிருந்து உள்பக்கமாக வெட்டி, வலது காலால் நடுக்களத்துக்குப் பந்தைக் கடத்திக்கொண்டே இருந்தான்.

அன்றே தாளை எழுதினார். "மூன்றாம் நம்பர்: மூக்கில் ரத்தம் வந்ததும் போனவன் திரும்பவில்லை. நெஞ்சுரம் இல்லை. வேண்டாம். அவனுக்குப் பதில் இருபத்தேழை யாரென்று விசாரிக்கவும்." தன் கண்ணைத் தானே மெச்சிக்கொண்டு அனுப்பி வைத்தார்.

ஜனவரியில் மரிஸா ஃபோன் செய்தாள். "கஸ், அடுத்த வாரம் ட்ரயல் முகாம். ஃபுல்பேக்குக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அந்த இருபத்தேழு யாரு? கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

கஸ் அக்கரைக்குப் போனார். டென்னிஸ் ரூல் என்ற கல்லூரிக் கோச் அவருடைய பழைய கூட்டாளி. மேசையில் கால்போட்டுக்கொண்டு எதையோ தின்றுகொண்டிருந்தான்.

"இருபத்தேழா?" டென்னிஸ், அலமாரி ஆணியில் தொங்கிய சட்டையைக் காட்டினான். "இதோ தொங்குறான் பாரு. கூட்டிட்டுப் போ."

"விளையாடாதடா."

"நான் எங்கடா விளையாடுறேன்? சட்டையில ரத்தம் பட்டா மாத்தாம ரெஃபரி உள்ள விடுவாரா? அதுக்குன்னு வச்சிருக்குற உபரிச் சட்டைடா இது. அன்னிக்குத் தாரிக் போட்டான். இடது பக்கத்துக்காரன் கணுக்காலை மடக்கிக்கிட்டான், அதனால இவனை அங்க மாத்தி விட்டேன். மைக்ல நம்பர் மாத்தினதச் சொன்னாங்களே. கோட்டோரமாத்தானே நின்ன, காதுல விழலையா?"

கஸ் அந்தச் சட்டையைத் திருப்பி முதுகிலிருந்த நம்பரைப் பார்த்தார். அதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு தாரிக்கே வந்துவிட்டான். மூக்கு லேசாக ஒரு பக்கம் கோணியிருந்தது.

"சார், நீங்களா? அம்மா புரெக் குடுத்துவிட்டாங்க, எடுத்துக்குங்க. கோச்சே முக்கால்வாசி முடிச்சிட்டாரு." கறி வைத்துச் சுட்ட அந்த அப்பத்தில் ஒரு துண்டைக் கஸ்ஸின் கையில் வைத்தான். "அன்னிக்கு நீங்க வந்திருக்கீங்கன்னு கோச் சொன்னாரு. டாக்டர் உக்காருன்னாங்க. நாந்தான் மூக்குல பஞ்ச அடைச்சுக்கிட்டு இறங்கினேன். பெருசா ஒண்ணும் ஆடலையோ சார்? கிளப்புலேர்ந்து பதிலே வரல."

கஸ் துண்டைக் கடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அந்தப் பையன் அவர் கண்ணைப் பார்த்துப் பேசியதுதான் அவரைக் கொன்றது.

பாலத்தைத் தாண்டி வரும்போதே மனசு பொய்க்கு ஆயத்தமானது. இருபத்தேழு ஒத்துவராது, தாரிக்கை மறுபடி பார்த்தேன், குளிர்காலத்தில் தேறிவிட்டான், இடது பக்கம்தான் அவன் இடம் என்று எழுதிவிட்டால் போச்சு. காரைப் பற்றி யாருக்கும் தெரியப்போவதில்லை. கிளப் அலுவலகத்தில் மரிஸா எதிரே உட்கார்ந்து அப்படியே சொல்லவும் சொன்னார்.

மரிஸா நவம்பர் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். "பந்தைத் தூக்கிப்போடத் தெரியலன்னா நாங்க சொல்லிக் குடுப்போம். இடம் மாறினாலும் பரவால்ல. ஆனா நெஞ்சுரம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு மாசத்துல அது எங்கேர்ந்து வந்துச்சு? இந்த ஒரு வரி நிக்கிற வரைக்கும் நான் இவனக் கூப்பிட மாட்டேன். நீங்க எழுதினதாச்சே."

அந்த வரியை அழிக்க ஒரே வழிதான் இருந்தது. கஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் திரும்பி வந்தான். உடைஞ்ச மூக்கோட முழுசா ஆடினான். இருபத்தேழும் அவன்தான். எனக்குத் தெரியல. நான் கார்ல உக்காந்திருந்தேன்."

"கார்லயா?"

"ஹீட்டர் போட்டுக்கிட்டு. ரேடியோவும் ஓடுச்சு."

மரிஸா சிரிப்பாள், திட்டுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தார். அவள் இரண்டுமே செய்யவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, தாரிக்குக்கு ஃபோன் போட்டு முகாமுக்கு வரச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து பையனின் கூச்சல் கஸ்ஸுக்கே கேட்டது. "கஸ் சாருக்கு ரொம்ப தேங்க்ஸ் சொல்லுங்க மேடம்" என்றான்.

அவருக்கு அப்படியே தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

மரிஸா ஃபோனை வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள். "கஸ், இன்னும் எத்தனை பேரக் கார்லேர்ந்து பாத்தீங்க?"

கஸ் கோட்டுப் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தார். மூன்று வருட ஆட்டங்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேலே தேதியும் வானிலையும் எழுதுவது அவர் வழக்கம். முன்பக்கங்கள் நனைந்து உப்பி, மை கலங்கிக் கிடந்தன. அதற்கப்புறம் மழை, மழை, பனி என்று எழுதிய பக்கங்கள்தான் அதிகம். அந்தப் பக்கங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பட்டிருக்கவில்லை. கஸ் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டி, அவற்றிலிருந்த பையன்களின் பெயர்களை அவளுக்குப் படித்துக்காட்டத் தொடங்கினார்.