மஞ்சள் துணி கட்டிய சந்தன மரங்கள்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மலையூருக்குக் குடிதண்ணீர் என்றால் ஒரே ஒரு சுனைதான். அதைச் சுற்றிச் சந்தன மரங்கள். யாரோ திருட்டுத்தனமாக வந்து அவற்றைத் தோண்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். சந்தனத்துக்கு வேரிலும் விலை உண்டு, அதனால் வெட்டுவதில்லை, வேரோடு பறிப்பார்கள். அந்தக் குழிகளிலிருந்து மண் சரிந்து சுனையில் விழுந்தது. குடத்தில் மொண்டால் பாதி சேறு. துணியில் வடிகட்டித்தான் என் கைக்குழந்தைக்குக் கொடுத்தேன். அப்படியும் அதற்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது? பேச்சு சுற்றிச் சுற்றி என் தலையில் வந்து விடிந்தது. என் அண்ணன் அடிவாரத்தில், சந்தவாசலில், புளி மண்டி வைத்திருந்தான். ஜீப்பில் வருகிற அதிகாரிகளோடு சமமாக உட்கார்ந்து டீ குடிக்கிறவன். “உங்கண்ணன் ஒரு வார்த்த சொன்னா போதும்மா” என்றார்கள் ஊரார். எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

சொல்லியனுப்பிய சில நாளிலேயே அண்ணன் மலையேறி வந்தான். சுனையைப் பார்த்து உச்சுக்கொட்டினான். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

“நீ இன்னாத்துக்கு அழுவுற? ஆபீசருங்க கிட்ட சொல்லி காவல் போட வைக்கிறேன். ஆனா மரத்துக்கு மரம் ஆள் போட மாட்டாங்க. வைரம் ஏறின மரம் எதுன்னு பாத்து, அதுல மட்டும் மஞ்சத் துணி கட்டி வுடுங்க. வர்றவங்க எண்ணிக்கினு போவட்டும். திருட வர்றவனுக்கும் பயம் இருக்கும்.”

வைரம் என்பது மரத்துக்குள் இருக்கும் வாசனைக் கட்டை. அது ஏறியிருக்கிறதா என்று வெளியாருக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் பட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மஞ்சள் துணி கட்டிவிட்டால் அது அம்மன் மரம். கீழே விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்க மாட்டோம். அண்ணனும் இதே மலையில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்குத் தெரியாதா இது? அதனால்தான் ஊரே நம்பியது.

பழைய வேட்டிகளைக் கிழித்து மஞ்சளில் தோய்த்தோம். ஆண்கள் மரம் மரமாகப் பார்த்துக் கட்டினார்கள். கற்பூரம் காட்டும்போது அண்ணனும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

எந்த ஆபீசரும் வரவில்லை. அமாவாசை கழிந்த மறுநாள் காலையில் தண்ணீருக்குப் போனவர்கள் வெறும் குடத்தோடு திரும்பி வந்தார்கள். துணி கட்டிய மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் குழி. துணி கட்டாத இளமரங்களின் பட்டையில் ஒரு கீறல்கூடக் கிடையாது. கரை மொத்தமாகச் சரிந்து சுனையை மூடியிருந்தது.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அண்ணனிடம் சொன்னால் ஏதாவது செய்வான் என்று குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அன்றைக்கே இறங்கி ஓடினேன்.

மண்டியில் உட்கார்ந்திருந்தான். “மரமெல்லாம் போச்சுண்ணா” என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை, மூச்சு வாங்கியது. அவன் அதிர்ந்துபோகவில்லை. எப்போது, யார் என்றுகூடக் கேட்கவில்லை. குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினான். தாரிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து, உரித்து, அதன் கையில் கொடுத்தான். பிறகு, வீட்டு மாடு கன்று போட்டதா என்று விசாரிக்கிற குரலில் கேட்டான்:

“மேல பாறையோரம் நாலஞ்சு மரத்துல துணி கட்டலியாமே. அதுல வைரம் இல்லியா, இல்ல கட்ட மறந்துட்டீங்களா?”

கூடப்பிறந்தவனாம்! குழந்தை கையிலிருந்த பழத்தைப் பிடுங்கி அவன் முன்னால் எறிந்துவிட்டு வெளியே வந்தேன். பழம் வேண்டும் என்று குழந்தை மலையேறும் வழியெல்லாம் அழுதது.