கருங்கல்லுக்கு வைத்த பொட்டு

பார்வையற்றவர்கள் காலால் தடவி நடப்பதற்காக பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் மஞ்சள் கல் பதித்திருந்தார்கள். அதன் நட்டநடுவில்தான் ஒரு கருங்கல் சிலையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விதையாம். தெருவை அழகாக்க வந்த கம்பெனிக்காரன் சொன்னான். பக்கத்தில் கச்சாங் பூத்தே என்னும் வறுகடலை வண்டி போட்டிருந்த நல்லம்மாளின் கண்ணுக்கு அது ஆளுயரக் குழவிக்கல்.

"வெதையா? மொளைச்சா சொல்லுடா, தண்ணி ஊத்துறேன்!"

புருஷன் போனபிறகு அந்த வண்டிதான் அவளுக்குச் சோறு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

மசாஜ் கடையில் வேலை செய்யும் முகுந்தனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பழகின பாதைதானே என்று வந்தவன் கல்லில் முட்டி நெற்றியைக் கிழித்துக்கொண்டான். ஒதுங்கினால் சாலையில்தான் இறங்க வேண்டும். மோட்டார் சைக்கிள்காரன் உரசிக்கொண்டு போவான். மாநகராட்சிக்குப் போன்மேல் போன் போட்டுப் புகார் கொடுத்தான் முகுந்தன்.

நல்லம்மாளுக்கு வேறு தலைவலி. குடித்துவிட்டு வந்தவனெல்லாம் கல் மறைவில் ஒன்றுக்குப் போனான். அந்த நாற்றத்தில் யார் கடலை வாங்குவார்கள்? திட்டிப் பார்த்தாள், பினாயில் ஊற்றிப் பார்த்தாள். கடைசியில் நம் ஆட்கள் சுவருக்குச் செய்வதைக் கல்லுக்குச் செய்தாள். மஞ்சளைப் பூசி, பெரிய குங்குமப் பொட்டாக வைத்தாள். நாற்றம் நின்றது.

மறுவாரம் யாரோ மாலை போட்டார்கள். பிறகு எலுமிச்சம்பழம், பால், ஊதுவத்தி, சிவப்புப் புடவை. வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் கூடியது; கடலையும் விற்றது. நல்லம்மாள் வாயே திறக்கவில்லை.

ஒருநாள் கல்லைத் தூக்க மாநகராட்சி லோரி வந்தது. முகுந்தன் நேரத்தோடு வந்து நின்றான்.

"ஆன்டி, இன்னிக்கு எடுத்துருவாங்க லா!"

அதற்குள் தையல்கடை சீதாலெட்சுமி பெண்களைக் கூட்டிக்கொண்டு கல்லைச் சுற்றி நின்றுவிட்டாள்.

"அம்மன் மேல கை வெச்சுப் பாரு!"

லோரிக்காரன் மாலையைப் பார்த்தான், புடவையைப் பார்த்தான். "சாமி கேஸ் நமக்கு வேணாம், பாஸ்," என்று ஏறிப் போய்விட்டான்.

நான்தான் பொட்டு வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லம்மாள் கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

முகுந்தன் அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மனா ஆன்டி? கூட்டம் உங்க கடலைக்குன்னும், ஊதுவத்தி வாசன ஏதோ கடையிலேர்ந்து வருதுன்னும் நெனச்சேன். தெனமும் கம்பால அடிச்சேனே, கெட்ட வார்த்தையெல்லாம் பேசிட்டேனே!" செருப்பைக் கழற்றினான். "என் கைய அதும்மேல வெச்சு விடுங்க. மன்னிப்புக் கேட்டுக்குறேன்."

நெற்றியில் தழும்பு இன்னும் சிவந்திருந்தது. நல்லம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கும்பிடப்போன கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"வேணாம் தம்பி. அது சாமி இல்ல. மூத்திரம் போறானுங்கன்னு நான்தான் பொட்டு வெச்சேன்."

"கெழவி வாயப் பாரு! ஆத்தா சும்மா விடமாட்டா!" என்று சீதாலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முகுந்தன் செருப்பைத் தேடி மாட்டினான்.

"லோரி வந்தப்ப இங்கதானே ஆன்டி இருந்தீங்க?"

"இருந்தேன்."

முழங்கையைப் பிடித்து அழைத்துப் போகக் கை நீட்டினாள். அவன் விலக்கிக்கொண்டு, கம்பைத் தட்டித் தட்டிச் சாலையில் இறங்கினான்.