உமருக்கு நிழல் ஆகாது

உமர் இடது கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆளைப் பார்க்கிறார் என்றால், அந்த ஆளை வரைய எத்தனை கலர் வேண்டும் என்று யோசிக்கிறார். பஸ்ஸில் கூட இதே வேலைதான். "கண்டக்டருக்கு ரெண்டு போதுங்க. காக்கி, கருப்பு." மனைவி குல்சார் பேகத்துக்கு மட்டும் ஆறு கேட்பார்.

எங்கள் கம்பெனியில் பனியன் நெஞ்சில் படம் அச்சடிப்பவர் அவர். ஒரு கலருக்கு ஒரு அச்சு ஸ்கிரீன். மஞ்சள் என்றால் ஓரத்துக்கு ஓரம் ஒரே மஞ்சள். புலி போட்டாலும் பூசணிக்காய் போட்டாலும் சப்பையாக, பளீரென்று இருக்கும்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கணியூரிலிருந்து வந்து, பனியன் மடித்துப் பிழைத்து, இன்று சொந்தக் கட்டடம் கட்டியிருக்கிறேன். யார் தயவும் இல்லை. அதன் முன்சுவரில் என் படம் ஆளுயரத்துக்கு இருப்பதுதானே நியாயம்? அதைச் சொன்னதும் உமர் என் பின்னாலேயே சுற்றினார். "நெஞ்சளவுலயே வரைஞ்சு வரைஞ்சு கை மடங்கிப்போச்சுங்க மொதலாளி. ஒரு சுவரு குடுங்க."

கொடுத்தேன். திறப்பு விழா அன்று காலையில் சுவரை மூடியிருந்த சாக்கை விலக்கினால், மாம்பழ மஞ்சளில் முகம், கிளிப்பச்சைச் சட்டை, பின்னால் மிளகாய்ச் சிவப்பு. கன்னத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. என் மனைவி செல்லாத்தாள், "இஸ்திரி போட்டு மாட்டுன மாதிரி இருக்கறீங்க" என்றாள். நான் வெள்ளைச் சட்டை தவிர வேறு தொட்டதில்லையே என்று உமரைக் கேட்டேன்.

"வெள்ளை கலரில்லீங்க. அது துணி."

மூக்கோரம் கொஞ்சம் நிழல் காட்டு, இல்லாவிட்டால் விழாவுக்குச் சம்பந்தி வீட்டார் வருவதற்குள் சுண்ணாம்பு அடித்துவிடுவேன் என்றேன். உமர் பிரஷ்ஷை மூக்குவரை கொண்டு போனார். இறக்கிவிட்டார்.

"நெழலு போட்டா அழுக்கு மாதிரித் தெரியுங்க. சுண்ணாம்பே அடிச்சுப் போடுங்க."

நானும் விடவில்லை. சுண்ணாம்பு வாளியோடு சுவர் முன்னால் போய் நின்றேன்.

அப்போது பார்த்து, செக்கிங் வேலை பார்க்கும் மயிலாள் நேரம் கழித்து கேட்டுக்குள் வந்தாள். தூரத்திலேயே நடை சுருங்கியது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பஸ்ஸு வரலீங்க மொதலாளி" என்று மஞ்சள் முகத்திடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். வாளியோடு நின்ற என்னைச் சுண்ணாம்பு அடிக்க வந்த ஆள் என்று நினைத்தாள் போல, ஏறிட்டும் பார்க்கவில்லை.

வாளியைக் கீழே வைத்தேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

உமர் கேட் வரை போய்ப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து, என் தோளைப் பிடித்து, படத்தை மறைக்காதபடி என்னை ஓரமாக நகர்த்தி நிறுத்தினார்.