வெடிப்பு தெரியாத துப்பாக்கி

அட்டனில் பழைய மரச்சாமான்களைப் புதுப்பிப்பது என் தொழில். லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றை விடுதியாக்கியிருந்தார்கள். அதன் சுவரில் மாட்டுவதற்காக, பங்களாவில் கிடந்த இரட்டைக் குழல் துப்பாக்கி என்னிடம் வந்தது. இனி அது சுடாது. குழல்களில் துரு, கை பிடிக்கும் இடத்தில் மரம் குறுக்கே வெடித்திருந்தது.

துருவை எண்ணெய் போட்டு மெல்லத் தேய்த்தெடுத்தேன். வெடிப்புக்குள் பசை இறக்கி, இறுக்கிக் கட்டிக் காயவைத்து, மரத்தின் நிறத்திலேயே வார்னிஷ் பூசினேன்.

கொண்டுபோய் மாட்டியதும் விடுதி முதலாளி தடவிப் பார்த்தார். "ஒன்னுமே நடக்காத மாதிரி பண்ணிட்டீங்களே!"

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அவர் போன பிறகு, அங்கே சமைக்கும் அம்மா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். அப்படியே சுவரருகே போய், மரத்தை விரலால் தடவித் தேடினார்.

"வெடிப்பு எங்கங்க?"

"கண்டுபிடிக்கவே முடியாதும்மா" என்றேன் பெருமையாக.

"அந்தக் காலத்துத் துரை எங்கப்பாவ இதாலதாங்க தோள்ல அடிச்சாரு. அப்பதான் மரம் வெடிச்சிச்சு. அதுக்கப்புறம் அப்பாவால கையத் தூக்கவே முடியல."

அவர் குரல் உயரவில்லை.

"துப்பாக்கிக்கு அட்டன்ல இருந்து ஆள் வந்திருக்கு. அப்பா தோளப் பார்க்க யாருமே வரலைங்க."

வெடிப்பு இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதன்மேல் விரலை வைத்தார்.

என் வேலை இவ்வளவு சுத்தமாக அமைந்துவிட்டதே என்று நான் வருந்தியது அன்றுதான். விடுதிக்கு வருகிறவர்கள் அந்தத் துப்பாக்கியின் கீழே நின்று படமெடுத்துக்கொள்கிறார்களாம். வெடிப்பு எங்கே என்பது எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.