தீவு நரி முகத்தில் முழித்தது

எல்லாம் 'லாட்டரி' என்ற ஒரு சொல்லில் ஆரம்பித்தது.

மார்ச் மாதக் கடைசி. சேலத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் அமெரிக்காவில் சான் ஹோசேக்கு என்னிடம் வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா கிச்சன் கவுன்டரில் சாய்ந்து நின்றபடி, "உன் விசா விஷயம் எந்த மட்டுல இருக்குது, சாமி?" என்று கேட்டார். படிக்க வந்த விசாவின் நீட்டிப்பு இந்தக் கோடையோடு முடிகிறது, அதற்குள் வேலை விசா கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான், ஏற்கெனவே போட்டுப் பார்த்துக் கிடைக்கவில்லை, இதுதான் கடைசி வாய்ப்பு, இந்த வாரம் லாட்டரி ரிசல்ட் வரும் என்றேன்.

"லாட்டரியா? சீட்டுக் குலுக்கறாங்களா?"

"கம்ப்யூட்டர்ல குலுக்கறாங்க."

"மார்க்கு கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கப்பா. பேரு விழுந்தா விழுந்துச்சு, அவ்வளவுதான்."

அப்பா நிமிர்ந்து நின்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். அதனால் படிப்பு, பரீட்சை, இன்டர்வியூ என்று எது வந்தாலும் அப்பா ஒதுங்கி நின்றுகொள்வார். அது என் இலாகா. ஆனால் அதிர்ஷ்டம் அப்படியில்லை. மழையையும் போர்வெல்லையும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு விலையையும் நம்பியே வாழ்ந்தவருக்கு அதில் அனுபவம் அதிகம்.

"குலுக்கல்னா அப்பறம் என்ன, நரி முகத்துல முழிக்கோணும்," என்றார்.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சில ஊர்களில் பொங்கல் முடிந்ததும் காட்டுக்குப் போய் வலை கட்டி வங்கா நரி பிடிப்பார்கள். வாயைக் கட்டி, கோயிலைச் சுற்றி ஓட்டி, ஊரே அதன் முகத்தைப் பார்த்த பிறகு திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். பார்த்தவனுக்கு மழை, வெள்ளாமை, கல்யாணம், எல்லாம் கூடிவரும் என்று நம்பிக்கை. அப்பா வலை கட்டுவதில் கெட்டிக்காரர். இப்போது வனத்துறை விடுவதில்லை. அது சரிதான் என்று நான் சொன்னதற்கு ஒரு பொங்கல் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

"இந்த ஊர்ல நரிக்கு எங்கிங்க போறது? காஸ்ட்கோ கடைல விக்கறாங்களா?" என்றாள் அம்மா.

"இருக்குதும்மா," என்றேன். "புடிக்கவெல்லாம் முடியாது. போய்ப் பாக்கலாம்."

எனக்கு அந்த நரி மேல் ஒரு கிறுக்கு உண்டு. கலிபோர்னியாக் கரையை ஒட்டிய சில தீவுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஜாதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் ஆட்களோடு சாண்டா குரூஸ் தீவுக்குப் போனபோது முதலில் பார்த்தேன். பிறகு விடுமுறைகளில் அங்கே தொண்டராகப் போய்க் களை பிடுங்கியிருக்கிறேன். அந்தத் தீவில் சோம்புதான் களை. ஆள் உயரத்துக்கு வளர்ந்து மற்ற செடிகளை எழவிடாது. இதைச் சொன்னபோது அம்மா நம்பவே இல்லை. "சோம்பைப் புடுங்கிப் போட்டுட்டு, இங்க வந்து கடையில சோம்பு வாங்கறியா?"

சனிக்கிழமை விடியும் முன் கிளம்பி, 101 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, வென்சுராவில் படகு பிடித்தோம். தீவில் ஓர் இரவு டென்ட். போனுக்குச் சிக்னல் கிடையாது. ரிசல்ட் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை படகில் திரும்பும்வரை தெரியாது. அது எனக்கு ஒரு வகையில் நிம்மதி.

படகில் அப்பாவிடம் நரியின் படத்தைக் காட்டினேன். முதுகு சாம்பல், காதோரமும் கழுத்தும் செம்மண் நிறம், மூக்கைச் சுற்றி மை தீட்டிய மாதிரி கறுப்பு.

"பூனையாட்டம் இருக்குது. ஏன் இத்தனூண்டு? தீனி பத்தலையா?"

"அதேதான்ப்பா."

உண்மையில் அதேதான். கரையில் இருக்கும் சாம்பல் நரியின் வம்சம் இது. தீவில் இரை கொஞ்சம். கொஞ்சத்தில் பிழைக்கச் சின்ன உடம்பு வசதி. தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப் பூனை அளவுக்கு வந்துவிட்டது. எலி, வெட்டுக்கிளி, காட்டுப்பழம், எது கிடைத்தாலும் தின்னும். அதைத் தின்ன தீவில் யாரும் இல்லாததால் பட்டப்பகலில் உலாத்தும். ஒரு காலத்தில் அந்தத் தைரியமே அதற்கு வினையாகிவிட்டது என்றேன்.

"எப்படி?"

"தீவுல மீன் திங்கற வெள்ளைத்தலைக் கழுகு இருந்துச்சு. கரையிலிருந்து டிடிடி கடல்ல கலந்து, மீன் வழியா கழுகுக்குப் போய், அது முட்டையெல்லாம் ஓடு மெலிஞ்சு அடைகாக்கையிலயே உடைஞ்சு போச்சு."

"டிடிடின்னா? நம்ம சாக்கடைக்குத் தூவுவமே, அந்த வெள்ளைப் பவுடரா?"

"அதுதான்."

அப்பா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளைத்தலைக் கழுகு இருந்தவரை வேறு கழுகை அண்டவிடவில்லை. அது போனதும் தங்கக் கழுகு வந்து குடியேறியது. யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்ட பன்றிகள் தீவில் பெருகிக் கிடந்தன. பன்றிக்குட்டி தின்ன வந்த கழுகுக்கு நரி கூடுதல் பலகாரம். தலைக்கு மேலே பார்த்துப் பழக்கமில்லாத நரி. கொஞ்ச வருஷத்தில் இனமே அழியும் நிலைக்கு வந்துவிட்டது. அப்புறம் மனிதர்கள் இறங்கி வேலை செய்தார்கள். தங்கக் கழுகுகளை உயிரோடு பிடித்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். பன்றிகளை ஒழித்தார்கள். மிஞ்சிய நரிகளைக் கூண்டில் ஜோடி சேர்த்து, குட்டி போடவைத்து, திரும்ப அவிழ்த்துவிட்டார்கள். வெள்ளைத்தலைக் கழுகையும் மறுபடி குடியேற்றினார்கள்.

"இப்ப நல்லா இருக்குதுப்பா. இருந்தாலும் வருஷாவருஷம் கூண்டு வெச்சுப் புடிச்சு, நோய் வராம ஊசி போட்டு, சிலதுக்குக் கழுத்துல ரேடியோ பட்டை மாட்டி விட்டுடறாங்க."

"புடிச்சுட்டு விடறாங்களா? நாங்களும் அதைத்தானடா செஞ்சோம்?"

"நீங்க ஊசி போடலையேப்பா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடல்காற்றில் அந்த முந்தானை நிற்கவில்லை.

தீவு பச்சைப்பசேல் என்று இருந்தது. டென்ட் போடும் இடத்தில் ஒவ்வொரு மேசைக்குப் பக்கத்திலும் ஓர் இரும்புப் பெட்டி. தின்னும் பொருள் எல்லாவற்றையும் அதில் வைத்துத் தாழ்ப்பாள் போட வேண்டும், நரிக்கு ஒரு பருக்கைகூடக் கொடுக்கக் கூடாது என்று படகை விட்டு இறங்கும்போதே ரேஞ்சர் சொல்லியிருந்தார். அம்மா புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் அடுக்கினாள். கடைசியாகத் துணியில் சுற்றிய ஒரு டப்பாவையும் வைத்தாள். திறக்காமலேயே வாசனை சொல்லிவிட்டது. கருவாட்டுத் தொக்கு.

அப்பா பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "நரியை வெளிய விட்டுட்டு மனுசன் சோத்தைக் கூண்டுல அடைச்சிருக்கான். நல்ல ஊரு."

காலையில் ஒரு கை என் கண்ணைப் பொத்தியதும் விழித்தேன்.

"திறக்காத," என்றார் அப்பா. அவருடைய துண்டு என் கண்ணைச் சுற்றி இறுகியது. கையைப் பிடித்து, கல்யாணப் பெண்ணைக் கூட்டிவருவதுபோல மெதுவாக நடத்தி, பெஞ்சில் உட்கார வைத்தார். சாஃப்ட்வேர் எழுதுகிறவன், சோம்பு பிடுங்கியவன், வனத்துறை செய்ததே சரி என்று வாதாடியவன், வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன். துண்டை விலக்கிப் பார்த்திருக்கலாம். ஏனோ பார்க்கவில்லை.

"என்னமோ வருது," என்றாள் அம்மா. "நீலமா. குருவி."

"குருவியெல்லாம் கணக்கில்ல," என்றார் அப்பா.

பிறகு ஓர் அண்டங்காக்கை வந்தது, அதுவும் கணக்கில்லை. என் முகத்தில் வெயில் ஏறியது. ஓடைப்பக்கமிருந்து காலடிச் சத்தம் கேட்டது. அது நரிகளைக் கண்காணிக்கும் பெண் என்று பிறகு குரலில் தெரிந்தது. களை பிடுங்கப் போன நாட்களில் பழக்கம். கையில் ஆன்டெனாவோடு நடந்து, நரிக்கழுத்துப் பட்டைகள் அனுப்பும் பீப் சத்தத்தைக் கேட்பது அவள் காலை வேலை. நான் குரல் கொடுக்கும் முன்பே என் கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"கண்ணில் ஏதாவது அடியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வேறு வழியில்லை. ஊர், வலை, பொங்கல், விசா லாட்டரி, எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஆய்வுக்குக் கேள்வி கேட்கும் அதே குரலில் கேட்டாள்: "முழு முகம் தெரிய வேண்டுமா, பக்கவாட்டில் தெரிந்தால் போதுமா?"

அப்பாவிடம் கேட்டுச் சொன்னேன். முழு முகம்.

"வெவரமான புள்ளை," என்றார் அப்பா. "எங்கிட்ட இதுவரைக்கும் யாருமே இதைக் கேட்டதில்ல."

இந்த ஓடைக்கரை முழுக்க ஒரு ஜோடி நரிக்குச் சொந்தம், ஆணும் பெண்ணும் சேர்ந்தேதான் இடத்தைக் காக்கும், இரண்டும் பக்கத்தில்தான் சுற்றுகின்றன என்றாள். போகும்போது சொன்னாள்: "எனக்குத் தினமும் நரி முகம்தான். ஆனால் ஒவ்வொரு சீசனும் எனக்கு வேலை உண்டா இல்லையா என்று இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்." இதை நான் அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

மறுபடி காத்திருந்தோம். அம்மாவும் அப்பாவும் கிசுகிசுத்தார்கள். பெட்டியின் தாழ்ப்பாள் மெல்லக் கிரீச்சிட்டது. கருவாட்டு வாசனை வந்தது.

"அம்மா, மூடு."

"ஒரே ஒரு துண்டு கண்ணு. மோந்து பாத்துட்டு வரட்டும்."

"வேண்டாம்மா."

"உன் பொழப்புடா," என்றார் அப்பா. குரலில் கேலி இல்லை.

அந்த நிமிஷம் எனக்கு அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நம்பிக்கை வந்துவிடுகிறது. இருந்தாலும் சொன்னேன்: "ஒருக்கா மனுசன் சோறு தின்னு பழகிருச்சுன்னா அப்பறம் எலியைத் தேடாதுப்பா. ஒவ்வொரு டென்ட்டா சுத்தும். யாரு பையிலயாவது எதையாவது தின்னு நோவுல விழும். இத்தனை பேரு பாடுபட்டுக் காப்பாத்துனது. எனக்காக வேண்டாம்."

தாழ்ப்பாள் மூடும் சத்தம் கேட்டது. மூடியது அம்மாவா அப்பாவா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

எவ்வளவு நேரம் போனதோ, அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. காய்ந்த யூகலிப்டஸ் இலை மேல் மிக லேசான ஒரு நடை.

"அவிழ்க்கட்டா?" என்றேன் உதடு அசையாமல்.

"இரு. இப்ப வாலுதான் தெரியுது," என்றார் அப்பா காதோரமாக. "வாலு கணக்கில்ல. இரு... திரும்புது... அட, மறுபடி அந்தப் பக்கம் பாக்குது, எடுபட்டது... இரு சாமி... இப்ப."

துண்டு விலகியது.

என் காலுக்கு ஒரு முழம் தள்ளி அது நின்றது. நேர் எதிரே முழு முகம். வெயிலில் பழுப்புத் தேன் மாதிரி கண்கள், அகலமான காது, காதுக்குள் வெள்ளை மயிர். பயமும் இல்லை, பாசமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்பவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. நான் சிரித்தேன் என்று அம்மா பிறகு சொன்னாள். பார்த்து முடித்ததும் அது அருகே வந்தது, என் ஷூவை மோந்தது, பின்காலைத் தூக்கி, அதன்மேல் கொஞ்சம் மூத்திரம் பெய்துவிட்டு, அவசரமே இல்லாமல் புதருக்குள் போனது.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இனி உங்க கம்ப்யூட்டரு என்ன குலுக்கினாலும் சரி," என்றார் மூச்சு வாங்க, "தீர்த்தமே தெளிச்சுருச்சு."

மாலைப் படகில் கரை கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லார் பையிலும் போன்கள் அதிர ஆரம்பித்தன. என்னுடையதை எடுக்கக் கை வரவில்லை. அப்பா என் பாக்கெட்டிலிருந்து அவரே எடுத்து நீட்டினார். கம்பெனி வக்கீலிடமிருந்து ஒரு மெயில். முதல் வரியிலேயே இருந்தது. பெயர் விழுந்துவிட்டது.

நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அப்பா என் தலையைப் பிடித்து ஆட்டினார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கும் கை கொடுத்தார். அம்மா சிரித்துக்கொண்டே தண்ணீரைப் பார்த்தாள்.

"எனக்கு அதுக்கு முன்னாடியே வந்துச்சு," என்றாள்.

"எது?"

"நரி. விடியக்காலைல கொழாய்க்குப் போனேன். எதிர்ல நிக்குது."

அப்பாவின் கை என் தலையிலேயே நின்றது. "சொல்லவே இல்ல? என்ன வேண்டிக்கிட்ட?"

"குட் மார்னிங் சொன்னேன்."

"நரிகிட்டயா?"

"இந்த ஊர்ல எதிர்ல வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க. சொன்னேன். வேற ஒண்ணும் கேக்கல." அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டாள். "கேட்டிருந்தா, பையனை எங்களோடவே ஊருக்கு அனுப்பிருன்னு கேட்டிருப்பேன். அவன் ஆசைப்படறது வேற. அதனால குட் மார்னிங்கோட வாயை மூடிக்கிட்டேன்."

நான் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததையே கேட்டேன்: "கழுத்துல பட்டை இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு. கறுப்பா."

"நான் பாத்ததுக்கு இல்ல. அப்ப உன்னுது வேற. அந்த ஜோடியில இன்னொண்ணு. நம்மகிட்ட வந்தது காலைத் தூக்குன விதத்தைப் பாத்தா ஆண் நரிதான்."

"அப்ப எனக்கு வந்தது பொண்டாட்டி," என்றாள் அம்மா. "அதான் ஷூவுல பெய்யாம மரியாதையா போச்சு."

அவளே சிரித்துவிட்டாள். என் கை அவள் கைக்குள் இருந்தது. கரை நெருங்கியது. ஊரில் விடியும் நேரம். அப்பா அதற்குள் வாட்ஸ்அப்பில் தன் தம்பியைக் கூப்பிட்டு எழுப்பியிருந்தார். படகின் இரைச்சலை மீறி அவர் குரல் கேட்டது.

"விழுந்துருச்சுடா, பேரு விழுந்துருச்சு... ஆமா, நரி... நேருக்கு நேரா முகம்... வலையா? வலையெல்லாம் எதுக்கு? புடிக்கலடா. அதுவா வந்து நின்னுச்சு."